பெருநாள் முடிந்தது, இனி?

கீழக்கரையில் நோன்புப் பெருநாள் கழிந்த மறுநாளே, பள்ளிவாசலில் அதிகாலை சுபுஹுத் தொழுகையின் ஸஃப் (வரிசை) பாதியாகிவிடும். நோன்பு மாதம் முழுக்க ஹவுள் (தொழுகைக்குமுன் கை கால் கழுவும் தொட்டி) ஓரம் இடம் பிடித்த கூட்டம் எங்கே என்று பாங்கு சொல்லும் மோதினார்கூடக் கேட்பதில்லை, அவருக்குப் பழகிவிட்டது.

ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் வைக்கும் ஆறு நோன்பை நம் வீடுகளில் பெண்கள்தான் விடாமல் வைக்கிறார்கள். ரமலான் 30, இது 6, ஒன்றுக்குப் பத்து நன்மை என்றால் 360. ஆண்டு முழுக்க நோற்ற கணக்கு. சரிதான். ஆனால் எனக்கு மனசுக்கு நெருக்கம், குறைவானாலும் விடாமல் செய்யும் அமலே (நற்செயலே) அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற புகாரி ஹதீஸ்தான்.

பெரியபட்டினத்தில் என் லாத்தா (அக்கா), ரமலானில் ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்) கணக்கில் ஓதியதை இப்போது இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பின் ஒரு பக்கமாகச் சுருக்கிக்கொண்டார். மீன் ஆய்ந்த கையைப் புளி தேய்த்துக் கழுவி, ஒளுச் செய்து (முகம், கை, கால் கழுவிச் சுத்தமாகி) முஸ்ஹபை, அதாவது குர்ஆன் பிரதியைத் திறப்பார். மச்சான் துபாயிலிருந்து கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் முடிந்தால்தான் போன்!

அப்புறம், கஞ்சி. நோன்பில் தூக்குச்சட்டியோடு எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். அதற்கு இன்னொரு ரமலான் பிறை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? மாதம் ஒரு வெள்ளிக்கிழமையாவது அடுப்பு மூட்டலாம். அரிசி என் பொறுப்பு. தேங்காய்க்கும் விறகுக்கும் ஆள் இருந்தால் இன்பாக்ஸ் வாருங்கள்.