டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுபட்ட "இரண்டாம் வகை"

அம்மா தேறி வீடு திரும்பிவிட்டதால்தான் இதை ஓரளவு நிதானமாக எழுத முடிகிறது. ஆனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வகை என்று சொல்லாமல் "சுவாசச் செயலிழப்பு" என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள் மீதான கோபம் இன்னும் ஆறவில்லை.

புகைப்பழக்கமே இல்லாத அம்மாவுக்கு, விறகடுப்புப் புகையில் பல்லாண்டு சமைத்ததன் விளைவாக சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருந்தது. சளி முற்றி மூச்சுத் திணறியபோது பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 82 சதவீதம் இருந்தது, முகமூடி வழியே ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டதும் 98 ஆனது. ஆனால் இரவு ஏற ஏற அம்மா தூங்கி வழிந்தார், கூப்பிட்டால் குழறினார், நீட்டிய கைகள் உதறின. "களைப்பாக இருப்பார், தூங்கட்டும்" என்பதுதான் பணியில் இருந்தவரின் பதில்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றிய பிறகு, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. எனும் ரத்த வாயுப் பரிசோதனை பார்த்தார்கள். கரியமில வாயுவின் அழுத்தம் 84 (மி.மீ. பாதரசம்), ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பி.எச். 7.24. நிமோனியா, நுரையீரலில் நீர் கோத்தல் போன்றவற்றில் ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் மட்டும் 60க்குக் கீழே இறங்குவது சுவாசச் செயலிழப்பில் முதல் வகை என்றும், காற்று போதுமான அளவு உள்ளே போய் வெளியே வராமல் கரியமில வாயு 45ஐத் தாண்டித் தேங்குவது இரண்டாம் வகை என்றும் அங்கிருந்த நுரையீரல் மருத்துவர் விளக்கினார். சி.ஓ.பி.டி. மட்டுமல்லாமல், மூச்சுத் தசைகளைத் தளர்த்தும் நரம்பு நோய்களும் அளவுமீறிய தூக்க மருந்தும் இரண்டாம் வகையைக் கொண்டுவரலாம். ஆக்சிமீட்டருக்குக் கரியமில வாயு தெரியாது. இத்தகைய நோயாளிகளுக்கு ஆக்சிஜனை மிகுதியாகக் கொடுத்தால் காற்றோட்டம் குன்றிய நுரையீரல் பகுதிகளுக்கும் ரத்தம் திரும்பிப் பாய்ந்து அந்த வாயு மேலும் ஏறக்கூடும் என்பதால், ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதுமாம். அதற்காக ஆக்சிஜனே கூடாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்; குறைந்தால் கொடுத்தே ஆகவேண்டும், அளவு பார்த்து.

முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியை மாட்டினார்கள், மறுநாள் காலையில் அம்மா காபி கேட்டார்.

உண்மையான அலைச்சல் அதன் பிறகுதான். வீட்டுக்கு பைபேப் வாடகைக்கு எடுக்கப் போனால், உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். சம்மரியில் அது இல்லை, எந்த வகைச் செயலிழப்பு என்பதும் இல்லை. ஆவணப் பிரிவு எழுத்தர் கோப்பு காப்பீட்டுப் பிரிவில் என்றார், காப்பீட்டுப் பிரிவினரோ வார்டைக் கைகாட்டினார்கள். ஒருவழியாகக் கிடைத்த கோப்பில் முதல் ஏ.பி.ஜி. சீட்டு வெள்ளையாக இருந்தது. வெப்ப அச்சுத்தாளில் எழுத்து மங்கிவிடும் என்று அந்த எழுத்தரே அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் மணிக்கு மணி கையால் எழுதிய அட்டவணைதான் காப்பாற்றியது. அழுத்த அளவுகளும் ரத்த வாயு எண்களும் அதில் வரிசையாக இருந்தன. அதைக் காட்டி, திருத்திய சம்மரியில் முத்திரை வாங்கும்வரை நான் நகரவில்லை.

ஏ.பி.ஜி. சீட்டு வந்த உடனேயே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வகை, ஆக்சிஜன் இலக்கு, பைபேப் அளவுகள் மூன்றும் இல்லாத சம்மரியை வாங்காதீர்கள். ஆம்புலன்ஸில் வருபவர் பார்ப்பதற்காக "88–92 போதும்" என்று மருத்துவரிடம் ஓர் அட்டையில் எழுதி வாங்கி அம்மாவின் பர்சில் வைத்திருக்கிறோம். வீட்டுக் கருவிக்கான செலவைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. வாடகைக்காரர் தரும் முகமூடியை, முன்பணம் கட்டுவதற்கு முன் நோயாளியைப் படுக்கவைத்தே மாட்டிப் பாருங்கள்; எங்களுக்கு முதலில் தந்தது பெரிதாக இருந்ததால் காற்று கண்ணுக்குள் அடித்து, அம்மா பாதி இரவில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்.