6-0 ஜெயித்த அன்றும் போர்தோ ரசிகர்கள் ஏன் கத்தினார்கள்

2019 டிசம்பர் 3. பிரான்ஸில் போர்தோ நகரத்தின் கால்பந்து அணியான ழிரோந்தேன் சொந்த மைதானத்தில் நீம் அணியை 6-0 என்று அடித்து நொறுக்கியது. அதே ஆட்டத்தின் நடுவில்தான் அல்ட்ராமரின் ரசிகர் குழுவினர் வேலியைத் தாண்டி உள்ளே இறங்கி ஆட்டத்தையே நிறுத்தினார்கள். கிளப் தலைவர் ஃப்ரெதெரிக் லோங்கேபே வெளியே போக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆறு கோல் விழுந்த நாளில் எதற்கு இந்த ரகளை என்று தோன்றும். அவர்கள் ஸ்கோர்போர்டைப் பார்க்கவில்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்கள். நாலரை வருடம் கழித்து அவர்கள் பயந்தது அப்படியே நடந்தது.

புதுச்சேரியில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், இருக்கிற ஊர் இது. ஒவ்வொரு வீட்டிலும் சித்தப்பாவோ மாமா மகளோ பிரான்ஸில் இருப்பார்கள். குளிர்காலத்தில் அங்கே ராத்திரி 8.45-க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே 1.15-க்கு, கோடையில் 12.15-க்கு. தூக்கத்தை விட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய. ஆனால் அணி தோற்றால் பேச்சு கோச் பக்கமே போகிறது. கோச்சைத் திட்டுவது சுலபம். போர்தோ கதையில் கோச்சுகள் கடைசி வரிசை.

முதலில் அந்த கிளப் எப்பேர்ப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு சாம்பியன் பட்டம் ஆறு முறை: 1950, 1984, 1985, 1987, 1999, 2009. 1996-ல் ஸிதான், லிஸாராஸு, துகாரி மூவரும் இருந்த அணி, மிலானிடம் அங்கே 2-0 தோற்றுவிட்டு வந்து சொந்த மைதானத்தில் 3-0 அடித்தது. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பையின் இறுதி வரை போனது. அந்த கிளப் 2024 ஆகஸ்டில் நாலாவது டிவிஷனில் நின்றது.

1999 முதல் எம்6 தொலைக்காட்சி நிறுவனம்தான் முதலாளி. 2018 நவம்பரில் அமெரிக்கர்களிடம் விற்றது. முன்னால் நின்ற பெயர் ஜி.ஏ.சி.பி., பின்னால் பணம் வைத்திருந்தது நியூயார்க்கின் கிங் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு ஃபண்ட். ஒரு வருடத்தில் முன்னால் நின்றவர்கள் விலகி, ஃபண்ட் கையிலேயே கிளப் வந்தது. ஒரு தொழிலதிபர் கிளப் வாங்குவதற்கும் ஃபண்ட் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். தொழிலதிபருக்கு நஷ்டம் வந்தால் கௌரவத்துக்காவது இன்னும் இரண்டு வருடம் பணம் போடுவார். ஃபண்ட் போடுவது பிறத்தியார் பணம். இத்தனை வருடத்தில் இத்தனை மடங்காக்கித் திருப்ப வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு உண்டு. திரும்பாது என்று தெரிந்த நாளில் கையைக் கழுவிவிடும். 2021 ஏப்ரல் 22 அன்று கிங் ஸ்ட்ரீட் அதைத்தான் செய்தது. இனி பணம் போட மாட்டோம் என்றது. கிளப் வணிக நீதிமன்றத்தின் பாதுகாப்பில் போய் நின்றது.

நடுவில் கணக்கு எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சு கிளப்புக்கு வருமானம் நாலு வழி: டிவி உரிமைப் பணம், டிக்கெட், ஸ்பான்சர், வீரர்களை விற்பது. முதல் மூன்றும் சேர்ந்தாலும் சம்பளத்துக்கே இழுபறி. அதனால் பட்ஜெட் போடும்போதே 'வீரர் விற்பனை' என்று ஒரு தொகையை எழுதிவிடுகிறார்கள். கணக்கு ஜூன் 30-ல் முடியும். அந்தத் தேதிக்குள் விற்றே ஆக வேண்டும் என்பது எதிரில் இருப்பவனுக்கும் தெரியும். சந்தையில் பொழுது சாயும் நேரத்து மீன் மாதிரி, விலை அவன் சொல்வதுதான்.

யாரை விற்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. 20 மில்லியன் யூரோ கொடுத்து நாலு வருட ஒப்பந்தத்தில் ஒருவரை எடுத்தால், வருடத்துக்கு 5 மில்லியன் என்று செலவில் எழுதுவார்கள். இரண்டு வருடம் கழிந்தால் புத்தகத்தில் அவர் மதிப்பு 10. அப்போது 8-க்கு விற்றால் கையில் 8 வந்தாலும் கணக்கில் 2 மில்லியன் நஷ்டம். சொந்தப் பயிற்சிக் கூடத்தில் பத்து வயதிலிருந்து வளர்ந்த பையனுக்கோ புத்தக மதிப்பு பூஜ்யம். 20-க்கு விற்றால் 20-ம் லாபம். ஆகவே நெருக்கடி வந்த கிளப் முதலில் விற்பது சொந்தப் பிள்ளைகளை. போர்தோவில் வளர்ந்த ழூல் கூந்தே 2019 ஜூலையில் செவியாவுக்குப் போனார். ஒரேலியன் சுவாமேனி 2020 ஜனவரியில் மொனாக்கோவுக்கு. 2022 டிசம்பர் 18, உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: பிரான்ஸின் முதல் பதினொருவரில் இருவரும் இருந்தார்கள். அந்த நேரம் அவர்களை வளர்த்த கிளப் இரண்டாம் டிவிஷனில்.

இதையெல்லாம் தனியாகத் தாங்கியிருக்கலாம். அதற்குள் டிவி பணம் போனது. 2020-ல் தொடங்கிய ஒப்பந்தத்தில் மீடியாப்ரோ நிறுவனம் வருடத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் தருவதாகச் சொல்லியிருந்தது. அதை நம்பி பிரான்ஸ் முழுக்க சம்பளம் ஏற்றினார்கள். அக்டோபர் தவணையே வரவில்லை; டிசம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. கொரோனாவால் மைதானமும் காலி. 42,115 இருக்கை கொண்ட போர்தோ மைதானம் 2015-ல் திறந்தது, கிளப்புக்குச் சொந்தம் அல்ல, வாடகை. சொந்த மைதானம் இருந்தால் அடகு வைத்தாவது ஒரு வருடம் தள்ளலாம். இவர்களிடம் அடகு வைக்கவும் ஒன்றும் இல்லை.

2021 கோடையில் ழெரார் லோபெஸ் வாங்கினார். அடுத்த சீசன், 2021-22, முதல் டிவிஷனான லீக் 1-ல் கடைசி இடம். வாங்கிய கோல் 91. 38 ஆட்டத்தில் 91 என்றால் ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல். ஜெயிக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் மூன்று போட வேண்டும்.

இங்கே டி.என்.சி.ஜி. பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு கால்பந்தின் கணக்குக் காவல்காரர்கள் இவர்கள். ஒவ்வொரு கிளப்பும் அடுத்த சீசனுக்கான பட்ஜெட்டைக் கொண்டுபோய் இவர்கள் முன் வைக்க வேண்டும். பள்ளம் இருந்தால், யார் நிரப்புவார், பணம் எங்கே என்று கேட்பார்கள். 'வரும்' என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கணக்கில் கிடக்கும் பணம் அல்லது வங்கி உத்தரவாதம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் படி சம்பளக் கட்டுப்பாடு. அடுத்தது புது வீரர் எடுக்கத் தடை. கடைசியில் டிவிஷன் இறக்கம். கடுமைதான், ஆனால் என் கணிப்பில் இது இல்லாவிட்டால் இன்னும் பல ஊர்கள் போர்தோ மாதிரி ஆகியிருக்கும். குறை வேறு இடத்தில் இருக்கிறது: இந்தக் கேள்வி வருவது கிளப் கைமாறிய பிறகு, வருடா வருடம். வாங்க வருபவனிடம் ஐந்து வருடத்துக்கான பணத்தை முதல் நாளே காட்டச் சொன்னால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

2022-ல் ஆட்டத்தில் ஒரு டிவிஷன் இறங்கிய போர்தோவை டி.என்.சி.ஜி. இன்னொன்றும் இறக்கியது, மேல்முறையீடுகளுக்குப் பிறகு ஜூலை இறுதியில்தான் இரண்டாம் டிவிஷனான லீக் 2-ல் இடம் உறுதியானது. 2023-ல் மேலேறும் வாய்ப்பு கடைசி நாள் வரை இருந்தது. ஜூன் 2, ரோதேஸுடன் ஆட்டம். 22-வது நிமிடம் ரோதேஸ் கோல் போட, ஒரு ரசிகர் ஓடிவந்து கோல் போட்டவரைத் தள்ளிவிட்டார். ஆட்டம் கைவிடப்பட்டது, போர்தோவுக்குத் தோல்வி என்று தீர்ப்பானது. 2019-ல் மைதானத்தில் இறங்கியவர்களும் 2023-ல் இறங்கியவரும் ஒன்றல்ல. முன்னவர்கள் முதலாளியிடம் போனார்கள். பின்னவர் சம்பளத்துக்கு ஆடும் ஒரு எதிரணிக்காரரிடம் போனார், அதனால் நஷ்டம் தன் கிளப்புக்கே. கோபத்துக்குச் சரியான முகவரி வேண்டும்.

2024 ஜூலை 9-ல் டி.என்.சி.ஜி. மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கியது. லிவர்பூலின் உரிமையாளரான ஃபென்வே குழுமம் வாங்கலாம் என்ற பேச்சு ஜூலை நடுவில் முறிந்தது. மாதம் முடிவதற்குள் மேல்முறையீட்டைக் கைவிட்டு, 1937 முதல் இருந்த தொழில்முறை அந்தஸ்தையும் கைவிட்டார்கள். அந்தஸ்து போனால் வீரர்களின் ஒப்பந்தம் முறியும். எல்லோரும் சும்மாவே வெளியேறலாம். கூந்தேவையும் சுவாமேனியையும் வளர்த்த பயிற்சிக் கூடத்தையும் மூடினார்கள். 1991-லும் கடனுக்காக இதே கிளப் ஒரு டிவிஷன் இறக்கப்பட்டது. ஆனால் அப்போது கூடம் இருந்தது, அணி இருந்தது. ஒரே வருடத்தில் மேலே வந்து, 1996-ல் ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஆடியது. மரத்தில் கிளை வெட்டுவது வேறு, வேரில் வெந்நீர் ஊற்றுவது வேறு.

அப்புறம் எப்படி நாலாம் டிவிஷனிலாவது கிளப் நின்றது? பிரான்ஸில் ஒவ்வொரு தொழில்முறை கிளப்பும் இரட்டை உடம்பு. ஒன்று சட்டப்படி பதிவான சங்கம். கால்பந்து கூட்டமைப்பின் பதிவு எண் அதன் பெயரில்தான். மற்றது வியாபாரக் கம்பெனி. சம்பளம், கடன், வீரர் விற்பனை எல்லாம் இதில். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம். முதலாளி வாங்குவது கம்பெனியை. கம்பெனி திவாலானாலும் சங்கத்தின் எண் செத்துப்போகாது. 2011-ல் ஸ்த்ராஸ்பூர் கம்பெனி கலைக்கப்பட்டபோது சங்கம் ஐந்தாம் டிவிஷனில் தொடங்கியது. 2017-ல் லீக் 1-க்கு வந்துவிட்டது. பாஸ்தியா 2017-ல் ஐந்தாவதுக்கு விழுந்து, ஊர்க்காரர்களும் பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்பாக மாறி, 2021-ல் லீக் 2-க்கு ஏறியது.

அதே ஸ்த்ராஸ்பூரை 2023-ல் செல்சியின் உரிமையாளர்களான ப்ளூகோ வாங்கினார்கள். அணி நன்றாகவே ஆடியது. ஆனாலும் 2024 இலையுதிர் காலம் முதல் ரசிகர் குழுக்கள் ஆட்டத்தின் முதல் 15 நிமிடம் வாய் திறக்காமல் நின்றார்கள். நல்லாத்தானே போகுது என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவின் முதல் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம். லியோனும் அதே பாடம்: 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு பட்டம் வென்ற கிளப், 2025 ஜூன் 24-ல் லீக் 2-க்கு இறக்கப்பட்டு, ஜூலை 9-ல் மேல்முறையீட்டில் தப்பியது. இரண்டுக்கும் நடுவில் முதலாளி ஜான் டெக்ஸ்டர் ஒதுங்க, மிஷேல் காங் தலைவரானார்.

உங்கள் கிளப் எதுவானாலும் கவனிக்க வேண்டிய இடங்கள் இவை. மே, ஜூனில் யாரை விற்கிறார்கள்: சொந்தக் கூடத்துப் பையன்களா, வாங்கி வந்தவர்களா. டி.என்.சி.ஜி. தீர்ப்பில் சம்பளக் கட்டுப்பாடு வந்திருக்கிறதா. வந்தால் அதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், இறக்கத்துக்கு முந்திய படி அது. வேறு கிளப்பிலிருந்து கடனாக, தற்காலிகமாக வருபவர்களை மட்டும் எடுக்கிறார்களா. ஒரே முதலாளிக்கு வேறு ஊரிலும் கிளப் இருந்தால், நல்ல வீரர் எந்தப் பக்கம் போகிறார்.

நம் ஊர் சின்ன கிளப்புகளுக்கும் ஒரு வார்த்தை. உப்பளத்தில் ஆடினாலும் கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் ஆடினாலும், ஸ்பான்சர் வரும்போது ஜெர்சி, பந்து, டோர்னமென்ட் கட்டணம் என்று எல்லாம் கிடைக்கிற சந்தோஷத்தில் பெயரையும் பதிவையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஜெர்சியில் பெயர் போடலாம், சங்கத்தின் பெயரை மாற்ற வேண்டாம். ஒப்பந்தத்தில் வருட எண்ணிக்கை இருக்கட்டும்; பாதியில் விலகினால் அந்த சீசன் முடியும் வரை செலவு அவருடையது என்று ஒரு வரி எழுதுங்கள். வங்கிக் கணக்கில் ஸ்பான்சரின் ஆள் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. வீரர்களைப் பதிவு செய்யும் அகில இந்தியக் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். லாகினும் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது ஸ்பான்சரிடம் போனால் அணியும் அவரிடம் போன மாதிரிதான்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் 36-வது பிரிவில், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேர்ந்து மனு கொடுத்தால் பதிவாளர் கணக்கையும் நிர்வாகத்தையும் விசாரிக்கலாம். அதற்கு உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பத்து வருடமாக ஆடுகிறவர் பெயர்கூட அதில் ஏறாமல் இருக்கலாம். இந்த ஞாயிறு பயிற்சி முடிந்ததும் செயலாளரிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.