ஐடா ஸ்கடர் ஏன் திரும்பி வந்தாங்க?

மிஷனரின்னாலே மதம் மாத்த வந்தவங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க, எனக்கு அது சரியா படல. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடரையே எடுத்துக்கோங்க, மிஷனரி குடும்பத்துல பொறந்தும் அந்த வேலையே வேணாம்னு இருந்த பொண்ணு, அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு திண்டிவனம் வந்தப்போ ஒரே ராத்திரியில மூணு பேர் தனித்தனியா வந்து பிரசவத்துல தவிக்கிற பொண்டாட்டிக்கு உதவி கேக்குறாங்க, ஐடாவோட டாக்டர் அப்பா வரேன்னு சொல்லியும் ஆம்பளை பாக்கக்கூடாதுன்னு அந்த மூணு பேரும் போயிட்டாங்க, விடியறதுக்குள்ள மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு, திரும்பி வந்து 1900ல வேலூர்ல ஒரே ஒரு பெட்டோட கிளினிக் ஆரம்பிச்சு, 1918ல பொண்ணுங்களுக்குன்னே மெடிக்கல் ஸ்கூல். அந்த ராத்திரிய கடவுளோட அழைப்பாத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்க, இயேசுவைச் சொல்லணும்ங்கிற ஆசையும் இருந்துச்சு, அத மறைக்க வேண்டியதில்ல. ஆனா கடைசிவரை அவங்கள ஓட வச்சது அந்த மூணு சாவுதான்னு நான் நம்புறேன்.