மெரிட் சான்றிதழும் அறியாத ஒரு பக்கமும்

மூன்றாண்டுகளுக்கு முன் ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பியானோத் தேர்வில் ஐந்தாம் கிரேடில் 150-க்கு 123 மதிப்பெண் பெற்றேன். 100 எடுத்தால் தேர்ச்சி, 120 எடுத்தால் மெரிட், 130 எடுத்தால் டிஸ்டிங்ஷன் என்பது கணக்கு. மெரிட் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அடுத்த மாதமே, எங்கள் ஆலயத்தில் வழக்கமாக வாசிப்பவர் வராததால், ஆராதனைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான்கு குரல்களுக்கு எழுதப்பட்ட எளிய பாமாலைதான். மூன்றாவது பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) என் இடது கை, டெனர் எனும் ஆண் மேல்குரலுக்குரிய சுரத்தைத் தேடி நின்றுவிட்டது, சபையார் நிற்கவில்லை. வலது கையில் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை ஓடினேன்.

அன்று மாலை மதிப்பெண் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்று உருப்படிகளுக்கும் சேர்த்து 90-க்கு 80, ஸ்கேல்கள் எனும் சுர வரிசைகளுக்கு 21-க்கு 17, செவிப்பயிற்சிக்கு 18-க்கு 14. சைட் ரீடிங்கில், அதாவது முன்பின் பார்த்திராத இசையைத் தாளைப் பார்த்தே வாசிப்பதில், மட்டும் 21-க்கு 12. அந்தப் பகுதிக்குரிய தேர்ச்சி மதிப்பெண் 14. மொத்தம் நூறைத் தொட்டால் போதும், பகுதி பகுதியாகத் தேற வேண்டியதில்லை என்பதால், பதினொரு மாதம் அரைத்து அரைத்துப் பழகிய மூன்று உருப்படிகள் என்னைக் கரை சேர்த்திருந்தன. தாள் உண்மையைச் சொல்லியிருந்தது. நான்தான் கூட்டுத்தொகையோடு நின்றுவிட்டேன்.

தேர்வுகள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தேதி இல்லாவிட்டால் ஸ்கேல்களை நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் அதே வாரியம் 2020-இல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடுகள் என்ற தேர்வு வகையில் நான்கு உருப்படிகளைத் தொடர்ந்து வாசித்துக் காணொளியாக அனுப்பினால் போதும். சைட் ரீடிங் கிடையாது. மேடைத் துணிவை வளர்க்க அது நல்ல வழிதான் என்றாலும், என்னைப் போன்றவர்கள் அதை மட்டும் வைத்துத் தம் நிலையை எடைபோடுவது சரியாகாது என்றே நினைக்கிறேன்.

இப்போது யாராவது என் கிரேடைக் கேட்டால், ஆசிரியர் துணையின்றி இரண்டு வாரத்தில் எதைத் தேற்ற முடியும் என்பதையே சொல்கிறேன்: அது மூன்றாம் கிரேடு. தினமும் காலையில், முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தை எடுத்து, தேர்வில் தருவதைப் போலவே அரை நிமிடம் பார்த்துவிட்டு, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும், ஆனால் நிற்காமலும் தவறைத் திருத்தத் திரும்பிப் போகாமலும் வாசிக்கிறேன். போன ஞாயிறு அதே பாமாலையை மறுபடி வாசித்தேன். மூன்றாவது பாரில் டெனர் சுரம் தவறியது, கை நிற்கவில்லை.