ஜீரோ பர்சென்ட் ஆய்வேடு

ஆய்வேடு சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் நூலகத்திலிருந்து ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, ஜீரோ பர்சென்ட்!" முகமெல்லாம் சிரிப்பு. ஒப்புமைச் சோதனை மென்பொருள் கொடுத்த அறிக்கை அது. முந்நூறு பக்கத்துக்கு மேல் போகிற ஆய்வேட்டில் வேறு எங்கிருந்தும் எடுத்த வரி ஒன்றுகூட இல்லையாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்கிற பெண், பக்கத்துக்கு ரெண்டு பாட்டாவது மேற்கோள் இருக்கும், ஜீரோ எப்படி வரும்?

கோப்பைத் திறந்து பார்த்தால் பாமினி எழுத்துரு. டைப்பிங் சென்டரில் கொடுத்து அடித்தது. பாமினியில் நம் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. குப்பையை எதோடு ஒப்பிட்டாலும் ஜீரோதான் வரும். சிலர் இது தெரிந்தே செய்வதாகவும் கேள்வி. இவருக்குத் தெரியாது. கணினிக்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி மறுபடியும் ஓட்டச் சொன்னேன். 46.

அவர் அழுதுவிட்டார். நல்லவேளை, அது சமர்ப்பிப்பதற்கு முன்னால் நாங்களாகப் பார்த்துக்கொண்ட சோதனை. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018இல் கொண்டுவந்த விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10ஐத் தாண்டி 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திக் கொடுக்கவே முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. தொடர்ந்து பதினாலு சொல் வரை ஒத்துப்போனால் தற்செயல் என்று விட்டுவிடலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஒரு குறளுக்கு ஏழு சீர். கணக்குப் பார்த்தால் ரெண்டு குறள் தற்செயலாக அமையலாம் போல!

46இல் ஒரு பங்கு பாட்டு. முறையாக மேற்கோள் காட்டியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி, ஆனால் நாம் பாட்டுக்கு மேற்கோள் குறி போடும் பழக்கம் இல்லாதவர்கள், உள்தள்ளி அச்சிட்டு விடுவோம், மென்பொருளுக்கு அது புரிவதில்லை. அதை நூலகரோடு உட்கார்ந்து கையால் கழித்துவிடலாம். மீதிதான் பிரச்சினை. ஒரு உரைநூலிலிருந்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்கும் வேறொரு ஆய்வேட்டிலிருந்தும் பத்தி பத்தியாக அப்படியே வந்திருந்தது. திருட வேண்டும் என்று எடுத்ததா என்றால் இல்லை. அவருடைய குறிப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் எழுதிய பக்கங்கள். மேலே நூலின் பெயர் பாதி, பக்க எண் கிடையாது, எது ஆசிரியரின் வாக்கியம் எது தனக்குத் தோன்றியது என்று பிரிக்கிற ஒரு கோடோ குறியோ கிடையாது. அவருடைய அழகான கையெழுத்தில் எல்லாமே ஒரே மாதிரி ஓடுகிறது. நாலு வருடம் கழித்துத் தன் கையெழுத்தைப் பார்த்தால் தன் எழுத்து என்றுதானே தோன்றும்? நாங்களோ அடிக்குறிப்பு எப்படிப் போடுவது, துணைநூற்பட்டியலில் எது முதலில் எது பிறகு, காற்புள்ளியா முக்காற்புள்ளியா என்று வகுப்பு எடுக்கிறோம். நோட்டில் எப்படி எழுதிவைப்பது என்று ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்திருக்கிறேனா? இல்லை.

அடிக்குறிப்பு என்றதும் 'மேலது' நினைவுக்கு வருகிறது. தமிழ் ஆய்வேடுகளில் ஒரே நூலை அடுத்தடுத்துச் சொல்லும்போது 'மேலது, ப. 45' என்று போடுவது வழக்கம். கையால் எழுதிய காலத்தில் சரி. வேர்டில் ஒரு பத்தியை வெட்டி ரெண்டு பக்கம் தள்ளி ஒட்டினால் 'மேலது' கூடவே போய்விடும், ஆனால் மேலே இருக்கும் நூல் வேறாகிவிடும். இதே ஆய்வேட்டில் நற்றிணை அடி ஒன்றுக்கு மூலமாக ஒரு அகராதி நின்றது. தொல்காப்பியம் இன்னும் மோசம், நூற்பா எண் உரைக்கு உரை மாறும். இளம்பூரணர் ஒன்றாக எடுத்ததை இன்னொருவர் ரெண்டாகப் பிரித்திருப்பார். எந்த உரை, எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் எண் மட்டும் கொடுத்தால் படிக்கிறவர் புத்தகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதுகலை மாணவர் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் என்னையே மடக்கினார். "ஐயா, முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்னு நன்னூலே சொல்லுதே, நான் போற்றத்தானே செஞ்சேன்?" வகுப்பே சிரித்தது. நானும்தான். வாதம் நல்ல வாதம். நன்னூலார் காலத்தில் தொல்காப்பிய வரியை எடுத்து ஆண்டால், இது தொல்காப்பியர் வாக்கு என்று எதிரே இருக்கிறவருக்குப் பாடமாகத் தெரியும், பெயர் சொல்லத் தேவையில்லை. சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரும் அந்தத் தைரியத்தில்தான் ஒரு வரியைக் காட்டிவிட்டு 'என்றார் பிறரும்' என்று முடித்துக்கொள்கிறார். அப்புறம் என்ன ஆயிற்று? அந்த நூல்களைப் பாடம் கேட்பதே நின்றுபோய், அந்த 'பிறர்' யார் என்று சொல்ல ஆள் இல்லை. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் அந்த உரையில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்று ஏட்டுச்சுவடிகளில் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு பெயரும் ஒரு எண்ணும் எழுதாமல் விட்டதற்கு இன்னொருவர் கொடுத்த உழைப்பு அது. இதைச் சொன்னதும் அந்த மாணவர் பேசாமல் இருந்தார். ஒப்புக்கொண்டாரா, மணி அடிக்கக் காத்திருந்தாரா தெரியாது.

இப்போது நிலைமை தலைகீழ். நூல் இல்லாமலே மேற்கோள் வருகிறது. போன வருடம் ஒரு திட்டக்கட்டுரையின் துணைநூற்பட்டியலில் அருமையான தலைப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, நம் துறையில் இப்படி ஒரு புத்தகம் வந்து நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று நூலகருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு நாள் முழுக்கத் தேடினார், கன்னிமாரா நூலகப் பட்டியல் வரை. அப்படி ஒரு நூலே கிடையாது. சாட்ஜிபிடி ஆக்கிக் கொடுத்தது. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் பொருத்தமாக. பையனைக் கேட்டால் "நான் அதைப் படிக்கலை ஐயா, லிஸ்ட்ல சேர்த்தேன்" என்கிறார். படிக்காததை ஏன்ப்பா சேர்த்தாய் என்று கத்தினேன்.

கத்துகிற யோக்கியதை எனக்கு எவ்வளவு என்று மூன்று மாதத்தில் தெரிந்தது. அந்த 46 சதவீத மாணவி தன் ஆய்வேட்டை முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலநூலை எடுத்து, பக்கத்தைப் பார்த்து, பென்சிலால் டிக் அடித்து. சமர்ப்பிக்கும் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டோம். ஒரு மதியம் அறை வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"ஐயா, உங்க ஆய்வேட்டுல ஒரு மேற்கோள். ப. 87னு போட்டிருக்கீங்க."

"சரி, அதுக்கு என்னம்மா?"

"அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லைங்கய்யா."

புத்தகத்தை நீட்டினார். ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பு, இரண்டாம் பதிப்பு. 87ஆம் பக்கம் வெள்ளைத்தாள். ஒரு கட்டுரை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் விட்ட வெற்றுப் பக்கம். நான் மேற்கோள் காட்டிய நாலு வரி 94இல் இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நாலு வரியை வேறொரு திறனாய்வாளர் தன் நூலில் முதல் பதிப்பிலிருந்து எடுத்து ப. 87 என்று சரியாகவே கொடுத்திருந்தார். நான் அவர் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, மூலத்தையே படித்தவன் மாதிரி அடிக்குறிப்பு போட்டு, துணைநூற்பட்டியலில் எங்கள் நூலகத்தில் இருந்த இரண்டாம் பதிப்பைச் சேர்த்துவிட்டேன். அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. 2006இல் செய்தது. எனக்குப் பின்னால் ரெண்டு ஆய்வேட்டில் அதே ப. 87, அதே இரண்டாம் பதிப்பு. அவர்களும் பிரித்துப் பார்க்கவில்லை. எந்த மென்பொருளும் இதைப் பிடித்திருக்காது.

"இதை எப்படிப் போடணும் ஐயா?" என்று கேட்டார். ஏற்கெனவே எழுதித்தான் கொண்டுவந்திருந்தார். 94ஆம் பக்கத்தைக் கொடுத்து, அதன் கீழே என் ஆய்வேட்டின் பெயரையும் சொல்லி, அதில் ப. 87 என்று இருப்பது முதல் பதிப்பின் எண்ணாக இருக்கலாம் என்று மரியாதையாக ஒரு வரி. வேண்டாமென்றால் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"இருக்கலாம் இல்லைம்மா, அதுதான். முதல் பதிப்பு எங்கே கிடைக்கும்னு பாரு, பார்த்துட்டு உறுதியா எழுது."

ரெண்டு வாரம் கழித்துச் சென்னை போய் ரோஜா முத்தையா நூலகத்தில் பார்த்துவிட்டு வந்தார். அந்த அடிக்குறிப்போடுதான் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டேன்.