ஜன்னலை நகர்த்துவதற்கு முன்

மூளையின் இரண்டு பகுதிகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைத் தொடர்புக் கெழுவாக (−1 முதல் +1 வரையான ஓர் எண்) சொல்லும் வழக்கம், ஆள் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போது எடுக்கும் ஓய்வுநிலை எம்.ஆர்.ஐ.யில் 1995இல் பிஸ்வால் குழுவிடமிருந்து தொடங்குகிறது. அந்தத் தொடர்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறதா? மனச்சிதைவு நோயில் அது மாறும் விதம் வேறா? இதைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொந்த ஸ்கேனர் வேண்டியதில்லை. கோப்ரே என்ற ஸ்கேன் தரவுத் தொகுப்பு பொதுவில் கிடைக்கிறது: நோயாளிகள் 72 பேர், நோயில்லாதவர்கள் 75 பேர், 2 வினாடிக்கு ஒரு படமாக ஆளுக்கு 150 படங்கள். காரைக்குடியில் 8 ஜிபி லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்கு பைத்தான் நிரல்மொழியும், அதில் மூளைப்படத் தரவைக் கையாளும் நைலேர்ன் தொகுப்பும் போதும்.

ஆனால் மூளையை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். 100 பகுதி என்றால் 4,950 இணைகள். தொடர்பு மாறுகிறதா என்று பார்க்க, அடுத்தடுத்த 22 படங்களை மட்டும் ஒரு ‘ஜன்னலாக’ எடுத்துத் தொடர்பைக் கணக்கிட்டு, அந்த ஜன்னலை ஒவ்வொரு படமாக நகர்த்தினால் ஆளுக்கு 129 ஜன்னல். 147 பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ 750 எம்பி. ஆசைப்பட்டு 400 பகுதிக்குப் போனால் இணைகள் 79,800 ஆகி, 12 ஜிபி தாண்டிவிடும், லேப்டாப் அங்கேயே படுத்துவிடும்.

அந்த 129 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்று படியாத ஜன்னல்கள் என்று எண்ணினால் ஐந்து நிமிட ஸ்கேனில் ஆறுதான் தேறும்.

22 படம் என்பது 44 வினாடி. ஆலன் குழு பயன்படுத்திய நீளம் அதுதான், பலரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சமிக்ஞையில் வேண்டாத அலைகளை நீக்கும் வழக்கமான வடிகட்டி 0.01 ஹெர்ட்ஸிலிருந்து (வினாடிக்கு நூறில் ஒரு சுற்று) அனுமதிக்கும். அந்த மெதுவான அலை ஒரு சுற்று முடிய 100 வினாடி ஆகும். 44 வினாடி ஜன்னலுக்குள் அதன் ஒரு துண்டுதான் விழும், ஆகவே தொடர்பு ஏறுவது போலவும் இறங்குவது போலவும் பொய்த் தோற்றம் வரும். இதை லியோனார்டியும் வான் டி வில்லும் 2015இல் கணக்கோடு காட்டினார்கள். 44 வினாடி ஜன்னல்தான் வேண்டும் என்றால் 0.023 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முழுத் தொடரிலும் முதலில் நீக்கிவிட்டு, அதன் பிறகு ஜன்னல் வையுங்கள்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு சிக்கல் உண்டு. கானாடுகாத்தான் வீடொன்றில் முகப்பில் ஒருவரும் இரண்டாங்கட்டில் ஒருவரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், சோழி உருட்டட்டும். 22 உருட்டலுக்கு ஒரு தொடர்புக் கெழு போட்டால் இருபதில் ஒரு முறை அது 0.42ஐத் தாண்டும், கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ. மூளைச் சமிக்ஞையில் அடுத்தடுத்த படங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் நிலைமை இன்னும் மோசம். ஜன்னல்களை வரிசையாக வண்ணப்படமாக்கினால் அலை அலையாக அழகாகத்தான் இருக்கும். அதை அப்படியே ‘மூளை நிலை மாறுகிறது’ என்று எழுதிவிடக் கூடாது.

எனவே, தொடர்பு உண்மையில் மாறாத போலித் தரவு செய்து ஒப்பிட வேண்டும். தொடரை ஃபூரியர் மாற்றத்தால் அலைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலையும் சுற்றின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற ஃபேஸை மட்டும் கலைத்து, திரும்பத் தொடராக்குவது எளிய வழி. பலர் சறுக்கும் இடமும் இதுவே: ஒரே ஆளின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே சீரற்ற ஃபேஸைச் சேர்க்க வேண்டும். பகுதிக்கு ஒன்றாகச் சேர்த்தால் சராசரித் தொடர்பே அழிந்துவிடும். அப்புறம் எந்த உண்மைத் தரவும் அதைச் சுலபமாக ஜெயிக்கும். ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் போலிகளாவது செய்து, ஜன்னல்களின் மாறுபாடு அவற்றை மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாத இணைகளே அதிகம் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அதற்குப் பிறகுதான், ஒன்றுபோல இருக்கும் ஜன்னல்களைச் சில கொத்துகளாக, அதாவது ‘நிலை’களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ். தொடக்கத்தைப் பல முறை மாற்றி ஓட்டி, கொத்துகள் நிலையாக நிற்கின்றனவா என்று சோதித்த பிறகே, ஒரு நிலையில் எவ்வளவு நேரம் தங்கினார், எத்தனை முறை நிலை மாறினார் என்று எண்ணலாம்.

தலை அசைவு தனி வில்லன். ஒரே ஒரு படத்தில் அரை மில்லிமீட்டர் துள்ளல் இருந்தால், அந்தப் படத்தைத் தொடும் 22 ஜன்னலும் கெடும். படத்தை வெட்டி எறிந்தால் நேரம் ஒட்டாது. முன்பின் படங்களிலிருந்து இடைமதிப்பு போட்டு நிரப்பி, பிறகு வடிகட்டுங்கள். நோயாளிகள் கூடுதலாக அசைவது வழக்கம், ஆகவே இரு குழுவின் சராசரி அசைவும் சமமாக இருக்கிறதா என்று பார்க்காத ஒப்பீடு செல்லாது.

தூக்கம் அதைவிடப் பெரிய தொல்லை. 2014இல் டாக்லியசூக்கியும் லாஃப்ஸும் பார்த்தபோது, ஓய்வு ஸ்கேனில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று நிமிடத்துக்குள்ளேயே விழிப்பை இழந்திருந்தார்கள். நம் பக்கத்தில் புதிதாகத் தரவு எடுக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: தேவகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்து, மத்தியானச் சாப்பாடும் முடித்து, இரவு மாத்திரையின் மயக்கமும் தீராமல் படுக்கும் ஆளிடம் அளப்பது நோயை அல்ல. முற்பகலில் நேரம் கொடுங்கள். “கண்ணை மூடாம நடுவுல இருக்கிற கூட்டல் குறியையே பாத்துக்கிட்டு இருங்கண்ணே” என்று சொல்லி, கேமராவில் கண்ணைப் பாருங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் எழுதி வையுங்கள். வெவ்வேறு மருந்துகளின் அளவைக் குளோர்புரோமசின் என்ற மருந்தின் சமஅளவாக மாற்றினால்தான் கணக்கில் சேர்க்க முடியும்.

கூட வந்த ஆச்சி, “இதுல என்ன நோயின்னு தெரிஞ்சிருமா தம்பி?” என்று கேட்பார்கள். தெரியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். தமராஜு குழு 2014இல் கண்டது, மனச்சிதைவு உள்ளவர்கள் வலுவான இணைப்பு நிலைகளில் குறைவான நேரம் தங்குகிறார்கள் என்று. அது குழுச் சராசரி. இரு குழுவின் பரவலும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, ஒரு தனி ஆளுக்கு அதிலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது.

ஆறு மாதம் கழித்து அதே ஆளை மறுபடி அளப்பதாக இருந்தால் அதே ஸ்கேனர், அதே காயில் (தலையைச் சுற்றி வைக்கும் சமிக்ஞை வாங்கி), அதே நேரம், அதே கண் நிலை. இடையில் ஸ்கேனர் மென்பொருள் மாறியதா என்று டெக்னீஷியனிடம் கேட்டுத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மருந்து எதுவும் மாறாத சிலரையும் அதே இடைவெளியில் இரு முறை அளந்தால்தான், கருவி தானாகக் காட்டும் மாற்றம் எவ்வளவு என்று பிரித்துக் கழிக்க முடியும்.