ஆடியில் ஊன்றிய அவரை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நான் தேடி முடிப்பதற்குள் ஆடியே முடியப் பார்த்தது. ஒருவழியாக மாடித் தொட்டியில் 4 அவரை விதைகளை ஊன்றினேன். மார்கழிப் பனியில் கொடி முழுக்க ஊதாப் பூ. கூடவே கொழுந்தெல்லாம் மை அப்பியதுபோல, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி! 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமாகத் தெளித்தேன். பொங்கல் குழம்புக்கு ஒரு கை காய் தேறியது.

சித்திரையில் செடிகள் கருகிவிடும். சரி, அந்த வெயிலை விடுவானேன் என்று பழைய வேட்டியை விரித்துக் கூழ் வற்றல் பிழிவேன். காக்காய்க்குக் காவல் இருக்கும்போதுதான் வயர் கூடை பின்னுவது. போன வருஷக் கூடை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. அதில் இப்போது வெங்காயம்.